சைகோன் – டாலாட் இரவுப் பேருந்து: விடியும் முன் இறக்கிவிட்டால் என்ன செய்வது?

பைமூட்டை:

வணக்கம். ஜனவரியில் தோழியும் நானும் வியட்நாமின் தெற்குப் பக்கம் போகிறோம். சைகோனில் தொடங்கி டாலாட், நாட்ராங், ஹோய் ஆன் என்று வடக்கே ஏறுவதாகத் திட்டம். எல்லாம் பேருந்தில்தான். ஆளுக்கு ஒரு முதுகுப்பை, 10 கிலோவுக்குள்.

குழப்பம் டாலாட்டில் இறங்குவதைப் பற்றி. ஃபுட்டா நிறுவனத்தின் ஸ்லீப்பர் வண்டி இரவு 10 மணிக்கு இருக்கிறது, பயண நேரம் 6 முதல் 8 மணி என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் 4 மணிக்கும் சேரலாம், 6 மணிக்கும் சேரலாம். விடுதியில் அறை தருவது மதியம் 2 மணிக்கு. இரண்டு பெண்கள், தெரியாத ஊர், இருட்டு. பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்திருக்கலாமா? அந்த நேரத்துக்கு கிராப் (செயலியில் கூப்பிடும் வாடகை வண்டி) கிடைக்குமா? நிலையத்திலிருந்து விடுதிக்கு இலவச வேன் என்று ஒன்று சொல்கிறார்களே, அது உண்மையா? தோழி சுத்த சைவம், முட்டையும் கிடையாது. காலையில் சாப்பிட ஏதாவது அகப்படுமா?

மலைப்பாதை:

முதலில் அந்த 10 மணி வண்டியை மாற்றுங்கள். உங்கள் கவலையில் பாதி அதோடு போய்விடும்.

சைகோனிலிருந்து டாலாட் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பகலில் 8 மணி நேரம் ஆவதற்குக் காரணம் சைகோனை விட்டு வெளியேறும் நெரிசலும், டாவ் யாய் தாண்டியதும் 20-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகும் லாரிகளும். இரவில் இரண்டும் குறைவு. அதனால் இரவு 10 மணி வண்டி என்றால் விடிகாலை 4 மணிக்கே கொண்டுபோய் விட்டுவிடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் டாலாட்டில் சூரியன் உதிக்க 6 மணி தாண்டிவிடும். இரண்டு மணி நேரம் கும்மிருட்டில், 1,500 மீட்டர் உயரத்தில், 12 – 13 டிகிரி குளிரில் இருக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தடத்தில் ஃபுட்டா வண்டிகள் இரவு பகல் பாராமல் அடுத்தடுத்து ஓடுகின்றன. நள்ளிரவு 12 அல்லது 1 மணிக்குக் கிளம்பும் வண்டியைப் பாருங்கள். அது 6-லிருந்து 7.30-க்குள் சேரும். தெரியாத ஊருக்குப் போகும்போது டிக்கெட்டை இறங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். கிளம்பும் நேரம் நமக்குத் தெரிந்த இடத்தில் கழிகிற நேரம். அது இரண்டு மணி நேரம் தள்ளிப் போனாலும் விடுதி வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருக்கலாம். அறையைக் காலி செய்த பிறகும் இரவு வரை பையை வைத்துக்கொள்ளச் சொன்னால் சைகோனில் பெரும்பாலான விடுதிகள் மறுக்காது.

ஏறும் இடத்தையும் கவனியுங்கள். 2023 ஜனவரியிலிருந்து சைகோனின் உள்நகருக்குள் காலை 6 முதல் இரவு 10 வரை ஸ்லீப்பர் பேருந்துகள் நுழையக் கூடாது. ஆகவே மையத்திலிருக்கும் அலுவலகத்தில் டிக்கெட் எடுத்தாலும், வண்டி வெளியே உள்ள நிலையத்திலிருந்து கிளம்பலாம். மையத்திலிருந்து சிறு வேனில் கூட்டிப் போவார்கள். டிக்கெட்டில் கிளம்பும் நேரம், வேன் ஏற்றும் நேரம், வேன் ஏற்றும் இடம் மூன்றும் தனித்தனியாக இருக்கும். மூன்றையும் படித்துவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கே இருங்கள். மியென் டோங் புதிய நிலையம் என்று போட்டிருந்தால் அது நகர மையத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி. 2024 டிசம்பரில் திறந்த மெட்ரோ முதல் தடம் பென் தான் சந்தையிலிருந்து கிளம்பி அங்கேதான் முடிகிறது. கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் போதும், ஆனால் மெட்ரோ இரவு 10 மணி வாக்கில் நின்றுவிடும். நள்ளிரவு வண்டிக்கு அதை நம்பினால் 9 மணிக்கே கிளம்ப வேண்டும்.

இனி வண்டிக்குள். படியேறும்போதே செருப்பைக் கழற்றி அவர்கள் தரும் பிளாஸ்டிக் பையில் போட்டுப் படுக்கையருகே வைத்துக்கொள்ள வேண்டும். கம்பளி தருவார்கள், ஏசி அதையும் மீறிக் குளிரும். ஸ்வெட்டரும் காலுறையும் கைப்பையில் இருக்கட்டும், முதுகுப்பையில் வைத்தால் அது அடியில் சரக்கறைக்குப் போய்விடும். பெரும்பாலான வண்டிகளில் கழிப்பறை கிடையாது, நடுவழியில் ஓரிடத்தில் 20 – 30 நிமிடம் நிறுத்துவார்கள். இறங்குவதற்கு முன் வண்டியின் நம்பர் பலகையைப் போட்டோ எடுத்துவிடுங்கள். அந்த நிறுத்தத்தில் ஒரே ஆரஞ்சு நிறத்தில் பத்து வண்டிகள் வரிசையாக நிற்கும், தூக்கக் கலக்கத்தில் எது நம்முடையது என்று தெரியாது. வாசலில் போட்டிருக்கும் ரப்பர் செருப்பு எல்லோருக்கும் பொது. அதைப் போட்டுக்கொண்டே இறங்கலாம்.

நிலையத்தில் நடப்பது இது. டாலாட்டின் வெளியூர்ப் பேருந்து நிலையம் டோ ஹியென் தான் தெருவில், மையச் சந்தைக்குத் தெற்கே ஏறக்குறைய 3 கிலோமீட்டரில் இருக்கிறது. ஃபுட்டா வண்டிக்கு அதுதான் கடைசி, தவறவிட வழியில்லை. இறங்கியதும் பையைச் சரக்கறையிலிருந்து நீங்களே எடுங்கள். வேறு யாராவது எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க விடாதீர்கள். இலவச வேன் உண்மைதான். வெள்ளை நிறச் சிறு வேன்கள், நிறுவனத்தின் பெயர் எழுதியிருக்கும். சீருடைக்காரரிடம் டிக்கெட்டையும் விடுதி முகவரியையும் காட்டினால் எந்த வேன் என்று கைகாட்டுவார். 10 – 20 நிமிடத்தில் ஆள் நிறைந்ததும் கிளம்பும். யாரை முதலில் இறக்குவது என்பது ஓட்டுநர் முடிவு. காசு கேட்க மாட்டார்கள். நகரத்துக்கு வெளியே, துயென் லாம் ஏரிப் பக்கத்தில் அறை எடுத்திருந்தால் பொதுவாக அங்கே போக மாட்டார்கள்.

நிலையக் கட்டடத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் வந்து "வேன் போயாச்சு", "உங்க விடுதி மூடியிருக்கு" என்பார்கள். பதில் சொல்லாமல் கவுண்டருக்குப் போங்கள். ஒருவேளை வண்டி முன்னதாகவே சேர்ந்துவிட்டால், வெளிச்சமுள்ள காத்திருப்புக் கூடத்தில் இருங்கள். வாசல் பக்கம் போய் நிற்க வேண்டாம்.

ஊர்சுற்றி:

வேன் விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். முகவரியை எப்படிக் காட்டுகிறோம் என்பதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

வியட்நாம் முகவரியில் 27/4 என்று இருந்தால், பெரிய தெருவில் 27-ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் பிரியும் சந்துக்குள் 4-ஆம் எண் வீடு என்று பொருள். 27/4/2 என்றால் அந்தச் சந்துக்குள் இன்னொரு சந்து. சந்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் ஹெம். வேன் ஹெம்முக்குள் நுழையாது, முனையில் இறக்கிவிட்டுப் போய்விடும். டாலாட் முழுக்க மேடு பள்ளம். அந்த ஹெம் செங்குத்துப் படிக்கட்டாகவும் இருக்கலாம். முன்கூட்டியே வரைபடத்தில் விடுதி வாசலைப் பெரிதாக்கிப் பார்த்து, பெரிய தெருவிலிருந்து எத்தனை மீட்டர், எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள். வரைபடத்தை இணையமில்லாமலும் திறக்கும்படி இறக்கிவைத்துக்கொள்வது கட்டாயம்.

இன்னொரு சிக்கல் புதிது. 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் மாவட்ட நிலையை எடுத்துவிட்டு மாகாணங்களையும் வார்டுகளையும் இணைத்துவிட்டார்கள். டாலாட்டில் முன்பு வார்டு 1, வார்டு 2 என்றிருந்தவை இப்போது சுவான் ஹூங் – டாலாட், லாம் வியென் – டாலாட், காம் லி – டாலாட் என்று பெயர் மாறியிருக்கின்றன. முன்பதிவுத் தளங்களில் சிலது பழைய பெயரோடும் சிலது புதிய பெயரோடும் கிடக்கின்றன. ஒரே விடுதிக்கு இரண்டு முகவரி பார்த்தால் பயப்பட வேண்டாம். எண்ணும் தெருப் பெயரும் ஒன்றாக இருந்தால் இடம் ஒன்றுதான். சைகோனிலும் இதேதான், மாவட்டம் 1 என்பது காகிதத்தில் இல்லை, ஆனால் ஓட்டுநர் அத்தனை பேரும் அப்படியேதான் சொல்கிறார்கள்.

முகவரியை நாமாகத் தட்டச்சு செய்யாமல், விடுதி அனுப்பியதை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எழுத்துகளின் மேலும் கீழும் போடும் சிறு குறிகள் அவர்களுக்கு முக்கியம், அவை இல்லாமல் எழுதினால் வேறு தெருவாகிவிடலாம். விடுதியின் தொலைபேசி எண்ணும் அதே படத்தில் தெரியட்டும். வேன் ஓட்டுநர் தானே அழைத்துப் பேசிவிடுவார், அதைவிட எளிய வழி கிடையாது.

கிராப் பற்றி: டாலாட்டில் உண்டு, அதே மாதிரியான சான் எஸ்எம் செயலியும் ஓடுகிறது. 6 மணிக்குப் பிறகு சுலபமாகக் கிடைக்கும், 4 மணிக்கு நிச்சயமில்லை. நிலையத்திலிருந்து சந்தைப் பக்கம் போக மோட்டார் சைக்கிளுக்கு 20 – 25 ஆயிரம் டாங், காருக்கு 40 – 60 ஆயிரம் டாங் அளவில் காட்டும். ஒரு ரூபாய் ஏறக்குறைய 300 டாங் என்று வைத்துக்கொண்டால் கார் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டு பேர், இரண்டு பை என்றால் காரே நல்லது. மோட்டார் சைக்கிளில் போவதானால் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பின்னால் உட்காராதீர்கள். மேட்டில் ஏறும்போது எடை பின்னால் இழுத்துச் சாய்க்கும். ஓட்டுநரிடம் கொடுத்தால் தன் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்வார். தலைக்கவசம் அவரே தருவார், கேட்டு வாங்கிப் போடுங்கள்.

கிராப் கணக்கை இந்தியாவிலேயே தொடங்கிவிடுங்கள். ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும். அங்கே போய் சிம்மைக் கழற்றிவிட்டு முயன்றால் மாட்டிக்கொள்வீர்கள். டேட்டா மட்டும் தரும் இ-சிம் வைத்திருந்தால் ஓட்டுநர் அழைக்க முடியாது, செயலிக்குள்ளேயே செய்தி அனுப்புங்கள், அது மொழிபெயர்த்தும் கொடுக்கும். வண்டி வந்ததும் நம்பரை ஒப்பிட்டுப் பாருங்கள். கிராப் ஓட்டுநர்கள் போடும் பச்சை மேல்சட்டை யாரிடமும் இருக்கும், அது சான்று ஆகாது. "செயலியில் ரத்து செய்யுங்கள், அதே காசுக்குப் போகலாம்" என்றால் மறுத்துவிடுங்கள். ரத்து செய்த நொடியே பாதை, கட்டணம் இரண்டுக்கும் பதிவு இல்லாமல் போகிறது.

நிலையத்தில் நிற்கும் மீட்டர் டாக்ஸியில் ஏறினால், மீட்டரில் 38.0 என்று காட்டுவது 38 ஆயிரம் டாங். கடைசி மூன்று சுழியத்தைப் போடுவதில்லை. பேச்சிலும் ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள், ஐம்பது என்றால் 50 ஆயிரம்.

நோட்டு நிறத்தைச் சைகோனிலேயே பழகிக்கொள்ளுங்கள். 20 ஆயிரமும் 5 லட்சமும் இரண்டுமே நீலம். மங்கலான விளக்கில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிட்டால் 70 ரூபாய்க்குப் பதில் 1,600 ரூபாய்க்கு மேல் போகும். 10 ஆயிரமும் 2 லட்சமும்கூட ஓரளவு ஒத்துப்போகும். 5 லட்சம் நோட்டுகளைத் தனி உறையில் பாஸ்போர்ட்டோடு வைத்துவிட்டு, இறங்கும் அன்றைக்கு மேல்பையில் 10, 20, 50 ஆயிரமாக 3 லட்சம் டாங் அளவு மட்டும் இருந்தால் குழப்பமே வராது.

தெற்குச்சாளரம்:

மலைப்பாதை சொன்ன நள்ளிரவு வண்டி சரியான தேர்வுதான். ஆனாலும் முதல் முறை போகிறவர்களுக்கு நான் பகல் வண்டியையே சொல்வேன். காலை 8 மணிக்கு ஏறினால் மாலை 4 மணிக்குள் டாலாட். அறை தயாராக இருக்கும், வெளிச்சம் இருக்கும், இன்னும் ஒன்றரை மணி நேரம் ஊரைக் கால்நடையாகப் பார்க்கலாம். பாவோ லோக் கணவாய் ஏறியதும் சாலையின் இரு பக்கமும் தேயிலை, காப்பித் தோட்டங்கள். அதை இருட்டில் கடந்து போவது நஷ்டம். இரவு வண்டியில் ஒரு இரவு வாடகை மிச்சம் என்பார்கள். டாலாட்டில் நல்ல தங்குவிடுதிப் படுக்கை ஒன்று 500 ரூபாய்க்குள் கிடைக்கும்போது அந்த மிச்சத்துக்காக ஒரு பகலைத் தூங்கிக் கழிக்க வேண்டுமா?

எதில் போனாலும் குமட்டல் உண்டு. பாவோ லோக் கணவாய், கடைசியில் டாலாட்டுக்கு ஏறும் மலைப்பாதை, இந்த இரண்டு இடத்திலும் வண்டி சுழன்று சுழன்று ஏறும். கீழ்த்தட்டில், நடுப்பகுதியில் இடம் எடுங்கள். மேல்தட்டு ஆடும், பின்கோடியில் வரிசையாகப் போட்டிருக்கும் படுக்கைகள் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால் தூக்கித் தூக்கிப் போடும். மாத்திரை போடுகிற பழக்கம் இருந்தால் ஏறுவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு பயனில்லை. அந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதால் இருவரில் ஒருவராவது தெளிவாக இருப்பது நல்லது.

எப்போது எழுந்து தயாராவது என்று தெரிய, ஜிபிஎஸ்ஸில் லியென் கூங் விமான நிலையத்தைப் பாருங்கள். அது டாலாட்டுக்கு 30 கிலோமீட்டர் முன்னால். அதைக் கடந்ததும் பை, போன், சார்ஜர், கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையின் கால் பெட்டிக்குள் போன் சரிந்து விழுவது சகஜம். இருட்டில் அவசரமாக இறங்கும்போது அங்கேயே தங்கிவிடும்.

சைவம்: "ஆன் சாய்" என்றால் சைவம் சாப்பிடுவது என்று அர்த்தம். பௌத்த வழக்கப்படி சமைக்கும் கடைகளின் பலகையில் 'சாய்' என்ற சொல் இருக்கும். அங்கே இறைச்சி, மீன், மீன் சாறு எதுவும் இருக்காது, பல இடங்களில் முட்டையும் இருக்காது. பார்க்க இறைச்சி மாதிரியே ஏதாவது வைத்தாலும் அது சோயா போன்றவற்றில் செய்ததுதான். சாய் கடை தவிர மற்ற இடத்தில் வெறும் காய்கறி என்று கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அதை அவர்கள் அசைவமாகவே எண்ணுவதில்லை.

விடிகாலையில் எளிதாக அகப்படுவது சொய் என்னும் ஒட்டரிசிச் சோறு. தெருவோர வண்டிகளில் ஆவி பறக்க விற்பார்கள். பச்சைப்பயறு அல்லது வேர்க்கடலை கலந்ததைக் கேளுங்கள். மேலே சில பொருள்களைத் தூவ வருவார்கள், அங்கேதான் கண் வைக்க வேண்டும். பொரித்த சின்ன வெங்காயமும் எள்ளுப்பொடியும் சரி. பஞ்சு பஞ்சாக வெளிர் பழுப்பில் இருப்பது உலர்த்திய பன்றி இறைச்சி. பச்சை வெங்காயத்தாள் மிதக்கும் எண்ணெய் சில கடைகளில் பன்றிக் கொழுப்பாக இருக்கும். வண்டிக்காரர் கை தூவும் முன்பே கையை நீட்டி நிறுத்திவிட வேண்டும். ஒரு பொட்டலம் 15 – 20 ஆயிரம் டாங். கூடவே சூடான சோயா பால் கிடைக்கும், டாலாட் குளிருக்கு அது இதம். முதல் நாள் காலைக்கு மட்டும் சைகோனிலிருந்து வாழைப்பழம், பிஸ்கட், கடலை எடுத்துப் போனால் கவலையே இல்லை.

பைமூட்டை:

எல்லோருக்கும் நன்றி. தோழியோடு பேசிவிட்டேன். சைகோனில் கடைசி நாள் மாலை ஒரு வேலை இருப்பதால் பகல் வண்டி ஒத்துவரவில்லை, நள்ளிரவு 12.30 வண்டியே எடுக்கிறோம். 7 மணிக்கு விடுதிக்குப் போய்விட்டால் மதியம் வரை என்ன செய்வது? முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை போட்டுவிடலாமா? நாட்ராங், ஹோய் ஆன் இரண்டிலும் இதே மாதிரி நிலையத்தில் இறங்கி வேன் பிடிப்பதுதானா?

மலைப்பாதை:

முந்தைய இரவுக்கும் சேர்த்துப் போடுவது நல்ல வழிதான், அதில் ஒரு கண்ணி இருக்கிறது. 14-ஆம் தேதி காலை 7 மணிக்குச் சேர்வதற்காக 13-ஆம் தேதியிலிருந்து பதிவு செய்தால், 13 இரவு நீங்கள் வராததைப் பார்த்து 'ஆள் வரவில்லை' என்று குறித்து மொத்தப் பதிவையும் ரத்து செய்துவிடுவார்கள். அதனால் பதிவு செய்த அன்றே விடுதிக்கு எழுதுங்கள்: "13-ஆம் தேதி அறைக்குக் காசு கொடுத்திருக்கிறோம், சேர்வது 14 காலை 7 மணி, அறையை வேறு யாருக்கும் தர வேண்டாம்." பதில் வரும் வரை விடாதீர்கள். முதல் நாள் மாலை ஸாலோவிலோ (வியட்நாமியர்களின் செய்திச் செயலி) வாட்ஸ்அப்பிலோ இன்னொரு முறை நினைவூட்டுங்கள்.

அவ்வளவு செலவு வேண்டாமென்றால், அறை காலியானால் முன்னதாகவே தருமாறு கேட்கலாம். சில இடங்களில் பாதி நாள் வாடகை கேட்பார்கள். தங்குவிடுதிகளில் பையை வைத்துவிட்டுப் பொதுக் குளியலறையில் குளிக்க விடுவது வழக்கம். சோப்பு, துண்டு, மாற்றுத்துணியை முதுகுப்பையின் மேல் அறையில் வைத்தால் வரவேற்பறையில் மொத்தப் பையையும் கொட்ட வேண்டியதில்லை.

குடும்பம் நடத்தும் சிறு விடுதிகளில் 6 மணி வாக்கில் கதவு இழுத்து மூடியிருக்கும், உள்ளே யாராவது படுத்திருப்பார்கள். அழைப்பு மணியை அழுத்தி, எடுக்காவிட்டால் போனில் கூப்பிடுங்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள், வெளிநாட்டவர் தங்குவதைக் காவல் துறைக்குப் பதிவு செய்ய வேண்டியது அவர்கள் கடமை. விவரத்தை எடுத்துக்கொண்டதும் திரும்ப வாங்கிவிடுங்கள். கிளம்பும் வரை மேசையிலேயே இருக்கட்டும் என்று விட்டால், விடிகாலை வண்டிக்கு ஓடும்போது மறந்துவிடும்.

ஜனவரி கடைசி என்றால் டெட் எனும் அவர்களது புத்தாண்டுத் தேதியையும் பாருங்கள். ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும். அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பேருந்துகள் நிரம்பிக் கட்டணமும் ஏறும், டெட் நாட்களில் சிறு கடைகள் பல மூடிக் கிடக்கும்.

ஊர்சுற்றி:

டாலாட் – நாட்ராங் சுமார் 140 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். 1,500 மீட்டரிலிருந்து கடல் மட்டத்துக்கு கான் லே கணவாய் வழியாக இறங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் இங்கே மண் சரியும். 2025 நவம்பரில் பேருந்து ஒன்றின் மேல் சரிவு விழுந்து உயிர்கள் போயின. ஜனவரியில் மழை அடங்கியிருக்கும், இருந்தாலும் முந்தைய நாட்களில் கனமழை பெய்திருந்தால் பாதை திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். காலை வண்டியே எடுங்கள், பிற்பகலில் மேலே மூடுபனி இறங்கும்.

நாட்ராங்கில் நிலையங்கள் இரண்டு, வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று. எதில் நிற்கிறது என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். இரண்டுமே கடற்கரை விடுதிப் பகுதியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித்தான், கிராப் எப்போதும் கிடைக்கும். அந்த ஊரில் முகவரிக்கு ஒரு விசேஷம்: தெருப் பெயர்களே தேதிகளாக இருக்கின்றன. அக்டோபர் 23 தெரு, ஏப்ரல் 2 தெரு. பலகையில் 23/10 என்றும் 2/4 என்றும் எழுதியிருப்பார்கள். நான் முன்பு சொன்ன சந்துக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

ஹோய் ஆன் முற்றிலும் வேறு. நாட்ராங்கிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல், 10 – 12 மணி நேரம். அந்தத் தடத்தில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஹோய் ஆன் கடைசி நிறுத்தம் அல்ல, டா நாங் போகும் வழியில் நெடுஞ்சாலையில் வின் டியென் என்ற முச்சந்தியில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து பழைய ஊர் 10 கிலோமீட்டர். விடிகாலை 5 மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்கினால் காத்திருக்க டாலாட் மாதிரிக் கூடம் எதுவும் இருக்காது. ஆகவே டிக்கெட் எடுக்கும்போது "ஹோய் ஆன் ஊருக்குள் எந்தத் தெருவில் இறக்குகிறீர்கள்?" என்று கேட்டு, வரைபடத்தில் புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் நிறுவனங்களின் வண்டிகள் ஊருக்குள் தங்கள் அலுவலகம் வரை போகின்றன. விலை சற்றுக் கூடினாலும் அதுவே சரி.

நெடுஞ்சாலையில் இறங்கும் வண்டிதான் கிடைத்தது என்றால், விடுதியிடம் முதல் நாளே சொல்லி வின் டியெனுக்குக் கார் அனுப்பச் சொல்லுங்கள். வண்டி நம்பரை அவர்களுக்கு அனுப்புங்கள். நடத்துநர் எழுப்புவார் என்று நம்பித் தூங்காதீர்கள். டாம் கி ஊரைத் தாண்டியதும் விழித்து ஜிபிஎஸ்ஸைப் பாருங்கள், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தவறவிட்டால் வண்டி டா நாங்கில்தான் நிற்கும். அங்கே பெரிய நிலையம், வெளிச்சம், கிராப் எல்லாம் உண்டு, ஹோய் ஆனுக்கு 30 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தெற்குச்சாளரம்:

நாட்ராங் – ஹோய் ஆன் துண்டுக்கு மட்டும் ரயிலையும் பாருங்கள். நாட்ராங் ரயில் நிலையம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, டா நாங் நிலையமும் அப்படியே. 9 – 10 மணி நேரம், படுத்துக்கொண்டே போகலாம், கழிப்பறை உண்டு, சாலை வளைவும் இல்லை. இரவு 9 – 10 மணிக்குக் கிளம்பும் ரயில் கிடைத்தால் விடிந்த பிறகு டா நாங்கில் இறங்கி, கிராப் கார் வைத்து ஹோய் ஆன் போய்விடலாம். கார் வாடகை 3 – 4 லட்சம் டாங் அளவில் வரும், இருவர் பகிர்ந்தால் பெரிதாகத் தெரியாது. டெட் நெருங்கினால் ரயில் டிக்கெட்தான் முதலில் தீரும், அதை மட்டும் இப்போதே எடுத்துவிடுங்கள்.